இரண்டாம் பாதி இழுவை

என்றான் காலின்ஸ்.
சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறோம்
நாற்பது நிமிடமாக.
முன்னால் ஒரு தண்ணீர் லாரி
சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்பது முறை பார்த்தவன் நான்.
முதல் முறை அல்சூரில், மூன்றாம் நாள் இரவுக் காட்சி.
அரங்கில் பதினோரு பேர்,
அதில் ஒருவர் தூங்க வந்தவர்.
மறுநாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

கடைசியில் பேருந்து
தள்ளிப்போய் நிற்கும்.
அவள் ஓட மாட்டாள்.
மனம் மாறிவிட்டாள், திரும்பிப் போகிறாள் என்று
எல்லோரும் எழுதினார்கள்.
பெண்ணுக்குத் துணிச்சல் போதவில்லையாம்.

மாறவில்லையடா.
இடது செருப்பைப் பார்.
வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும்.
ஐந்தாவது முறைதான்
எனக்கே கண்ணில் பட்டது.
அதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை,
அருகில் போய்க் காட்டுவதுமில்லை.
ஊக்கு குத்திய செருப்போடு
எப்படி ஓடுவாள்?
காத்திருந்த அந்தப் பதினான்கு நிமிடமும்
அந்த ஊக்குக்குத்தான்.
அதைப் போய் இழுவை என்கிறாய்,
இந்த சிக்னலில் உட்கார்ந்துகொண்டு.

காலின்ஸ் கண்ணாடியை இறக்கினான்.
'கழற்றிப் போட்டுவிட்டு
ஓட வேண்டியதுதானே?'

பச்சை விழுந்தது.
மூன்று வண்டிகள் போயின.
நாங்கள் நான்காவது.