இரண்டு நாற்பது முதல் மூன்று முப்பத்தைந்து வரை

கிண்டியில் பதினோராவது மாடி.
என் திரையில் எல்லாம் பச்சை.
திருமருகலுக்குக் கிழக்கே
எரிவாயு மின்நிலையம், டர்பைன் அடித்தளம்,
ஆயிரத்து நூற்று நாற்பது கன மீட்டர் கான்கிரீட்,
நிறுத்தாமல் முப்பத்தோரு மணி நேரம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு முடிந்தது என்றது திரை.
மூலையில் சின்னதாய் ஒரு மேகப்படம்.

ஐப்பசி மழையை இப்படி வரைந்தவனை
ஒரு ராத்திரி
முடிகொண்டான் ஆற்றங்கரையில் நிறுத்தவேண்டும்.
என்னையும்தான்.

நள்ளிரவு தாண்டி கேட்டில் ஒருவர் நின்றாராம்
உரச்சாக்கைக் கொங்காணியாய் மாட்டிக்கொண்டு.
பெயர் குஞ்சிதபாதம்.
"லாரி போக நீங்க போட்ட மண்ரோடு
வடிகாலை அடைச்சுக் கெடக்கு.
சம்பா நட்டு இருவது நாளு, குருத்து முங்கிடுச்சு.
விடிஞ்சா பேசலாம்னு சொல்லாதீங்க.
விடிஞ்சா பேச ஒண்ணும் இருக்காது."

காவலாளி எனக்குத்தான் முதலில் போன் செய்தான்.
அப்படித்தான் நாங்கள் எழுதிவைத்த நடைமுறை.
ரோட்டைத் தொடாதே, கலவை நிற்கக்கூடாது,
மனு இருந்தால் வாங்கிவை என்றேன்.
மழையில் நனைந்து நிற்பவரிடம்
மனு.

பிறகு சகாயராணியை அழைத்தேன்.
தளப் பொறுப்பாளர்.
பதினோரு முறை அழைத்தேன்.
போன் கண்டெய்னர் ஆபீசில்
திறக்காத சாப்பாட்டு டப்பாவின் பக்கத்தில்
சார்ஜில் கிடந்து அதிர்ந்திருக்கிறது.

அவள் குழிக்குள் இருந்தாள்.
நாலாவது மோட்டாரின் சத்தம் கனத்துப்போயிருந்தது.
ரோட்டுக்கு அந்தப்பக்கம் தேங்கிய தண்ணீர்
அடியில் ஊறி இந்தப்பக்கம் வருகிறது,
வயலை மூழ்கடிப்பதும் குழியை நிரப்பப்போவதும் ஒரே நீர்தான்
என்று அந்தச் சத்தத்தில் கேட்டதாம் அவளுக்கு.
எனக்கு மோட்டார் என்றால்
ஒரு பச்சைப் புள்ளி.

ஒன்பது மணிக்கே கீழ்வானம் மின்னக் கண்டு
கலவை மெல்ல இறுகும்படி
மருந்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறாள்.
அதுவும் திரையில் வரவில்லை.

மண்டியிட்டு, கலவையின் விளிம்பில்
கட்டைவிரலை ஊன்றிப் பார்த்தாள்.
"ஒரு மணி நேரம் தாங்கும். பொக்லைனைக் கூப்பிடு."

வெட்டினார்கள் ரோட்டை.
அந்தக் கரையில் ஆறு லாரிகள்
வயிற்றைச் சுழற்றிக்கொண்டே காத்துநின்றன.
லோகநாத் பெஹராவும் அவன் ஆட்களும்
வைப்ரேட்டரை விளிம்பெங்கும் விட்டுவிட்டு எடுத்து
கலவையைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.
கழிவறைக்கென்று வந்திறங்கிய ஹியூம் பைப்புகள்
வெட்டில் இறங்கின.
யாரும் கூப்பிடாமலே
குஞ்சிதபாதம் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.
பைப்புக்கு மேல் மண், மண்ணுக்கு மேல் இரும்புத்தகடு,
தகட்டின் மேல் முதல் லாரி.

மூன்று நாற்பதுக்குப் போன் வந்தது.
"கூப்பிட்டீங்களா சார்?"

மறுநாள் மயிலாடுதுறையில் இறங்கிப் போனேன்.
விளக்கம் கோரும் கடிதம் பிளாஸ்டிக் உறையில் இருந்தது.
அவள் சிமெண்டு மூட்டைகளில் சாய்ந்து
உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் பதிவேடு.
"02.40 – 03.35. ரோடு வெட்டி பைப் பதிக்கப்பட்டது.
பொறுப்பு: நான்."

இருபத்தாறு வருடக் கோப்புகளில்
பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறேன்,
பார்வைக்கு என்றும்
ஆவன செய்யப்படும் என்றும்.
அந்தக் கடைசிச் சொல்லை
ஒருமுறையும் எழுதியதில்லை.

கடிதத்தைப் பைக்குள் தள்ளிவிட்டு
ரோட்டோரம் போய் நின்றேன்.
பைப் வாயில் தண்ணீர் இரைந்து வெளியேறியது.
எதிரே வயலில் நுனிகள் மட்டும்
விரற்கடை அளவுக்குத் தெரிந்தன.

பின்னாலிருந்து குரல்,
தூக்கம் தெளியாமல்:
"சார், அங்க நிக்காதீங்க.
புது மண்ணு. சரியும்."