வெள்ளைக் கட்டம்

மாவட்டத்தைச் சதுரம் சதுரமாக
அறுத்து வைத்திருக்கிறேன்,
பக்கத்துக்கு ஐந்து கிலோமீட்டர்.
மழை ஒரு அடுக்கு, வெக்கை ஒரு அடுக்கு,
செயற்கைக்கோள் பார்த்த மண்ணீரம் ஒரு அடுக்கு,
கணக்கெடுப்பில் வந்த ஆட்டுத் தலைகள் ஒரு அடுக்கு.
ஒன்றன்மேல் ஒன்று போட்டால்
நிறம் தானாக ஊறி மேலே வரும்:
நாங்குநேரிப் பக்கம் மஞ்சள்,
மானூர்க் குளத்தடியில் சிவப்பு,
மேற்கே மலைச்சரிவில் பச்சை.

ஒரு கட்டம் மட்டும் வெள்ளை,
மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே.
ஓரத்தில் குறிப்பு: தரவு இல்லை.
கூட்டத்தில் அதிகாரி அதை விரலால் தொட்டு
"இங்கே பிரச்சினை இல்லை, நல்லது" என்றார்.
நான் வாய் திறப்பதற்குள்
அடுத்த படம் வந்துவிட்டது.

ஐப்பசி கடைசி.
ஜீப் நின்றதும் ஆசீர் மூக்கைப் பொத்தினான்.
ஓடைக்கரை உடைமரத்தடியில்
மூடியும் மூடாத ஒரு குழி.
நாய் ஒன்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்
தன் வேலையைத் தொடர்ந்தது.

உச்சிமாகாளி கிடை போட்டுப் பதினோரு நாள்.
நூற்று நாற்பது உருப்படியில்
பதினேழு அந்தக் குழிக்குள்.
மிச்சத்தில் ஒரு கிடாவின் வாயை
அவன் மனைவி பேச்சிக்கனி விரித்துக் காட்டினாள்.
நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு.
நாவல் உதிர்ந்து முடிந்து மூன்று மாதம்.

"யாருக்கும் சொல்லலையா?"
"யாருட்ட சொல்ல?
ரேசன் கார்டு அங்கன, ஆடு இங்கன.
எந்த ஊருன்னு கேப்பாவ.
நேத்து ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு."

என் கணினியில் இதே ஆடுகள்
முப்பது கிலோமீட்டர் வடக்கே
பச்சைக் கட்டம் ஒன்றில்
ஒரு கதவு எண்ணுக்குள் படுத்திருக்கின்றன.

பொழுது சாயப் பொறியைக் கம்பில் கட்டினோம்:
சின்ன விளக்கு, அடியில் விசிறி,
சாராய நெடியடிக்கும் குப்பி.
கொசு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.
கொசுவில் கால்வாசி இருக்காது,
சிறகில் சாம்பல் பொட்டு,
கொசுவலைக் கண்ணிலும் புகுந்து வரும்.
மூத்திரம் ஊறிய சேற்றில் பிறந்து
ஆட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டே வரும்.
அன்றைக்குக் காற்றும் இல்லை.

பேச்சிக்கனி விளக்கைப் பார்க்கவில்லை,
மடியில் நான் வைத்திருந்த திரையைப் பார்த்தாள்.
"இதுல செவப்பு அடிச்சா என்ன ஆவும்?"
தடுப்பூசி வரும்.
"எப்பம்?"
சொன்னேன்.
"அதுக்கு முந்தி செவ்வாக்கெழம வந்துரும்லா."

மேலப்பாளையம் சந்தை.
செவப்பு ஊர் ஆடு என்று காதில் விழுந்தால்
துண்டுக்கு அடியில் வியாபாரியின் விரல்
ஒன்று மடங்கும், இன்னொன்றும் மடங்கும்.
கிடைக்கு நெல் அளக்கும் வயக்காரன்
ஓட்டிக்கிட்டுப் போ என்பான்.
"வெள்ளையாவே கெடக்கட்டும் மேடம்."

வெள்ளை என்றால் சுகம் என்று அர்த்தமில்லை,
யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.
சொன்னேன்.
எனக்கே நோட்டீஸ் வாசிப்பது போல இருந்தது.
அவள் உப்புத்தண்ணீரில் துணியை நனைத்து
கிடாவின் கடைவாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விடியக் குப்பியில் மிளகுத்தூள் போல ஒரு கரண்டி.
நானூற்றிச் சொச்சம் வரை எண்ணினேன்.
நிமிர்ந்தபோது கிடை கிளம்பியிருந்தது,
கிழக்கே, மஞ்சளுக்குள்.
நொண்டுகிற நாலை
உச்சிமாகாளி மாற்றி மாற்றித் தூக்கிப் போனான்.

சிவப்பு அடித்தேன்.
இப்போது அதில் ஆடே இல்லை.
சேறு இருக்கிறது, குளம்படிக் குழிகளில் தண்ணீர் இருக்கிறது.
அவள் போன் நம்பர் என் உள்ளங்கையில்,
வேர்வையில் கடைசி எண் ஏழா ஒன்றா தெரியவில்லை.
எந்த அடுக்கில் அதைப் போட?

ஆசீர் டவுனுக்குப் போயிருக்கிறான்,
குழிக்குச் சுண்ணாம்பு வாங்க.
இரண்டு மூட்டை,
பில் இல்லாமல்.