இருபத்தெட்டு டன்

மணலி. இரவு ஷிப்ட். ஒன்று நாற்பது.
மணிக்கு இருபத்தெட்டு டன் காணவில்லை.

திருட்டுப் போகிற பொருளில்லை இது.
நூற்றைம்பது மடங்கு காற்றழுத்தத்தில் ஓடும் வாயு.
அவ்வளவும் கசிந்திருந்தால்
இதை எழுத நான் இருக்க மாட்டேன்,
சின்னசேக்காடும் இருக்காது.

பேனல் முன்னால் தேவசித்தம்
டீயை ஆற்றிக்கொண்டே கேட்கிறார்:
"என்னம்மா, கணக்கு உதைக்குதா?"
உதைக்கிறது.

பழைய ரிப்போர்ட்டின் முதுகில்
பென்சிலால் ஆலையை வரைகிறேன்.
கலக்கும் முனை, உலை, பிரிகலன்.
பிரிகலனிலிருந்து முதலுக்கே திரும்பி வரும்
ஒரு நீளக் கோடு.

உள்ளே வருவது நாற்பது.
அம்மோனியாவாகப் போவது முப்பத்தெட்டு.
பர்ஜில் இரண்டு.
மொத்தத்தையும் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டால்
வந்ததும் போனதும் சரி.
கோட்டுக்கு உள்ளேயே சுற்றுவது
வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.
வீடுகளும் அப்படித்தான்.

கோட்டைச் சுருக்குகிறேன்.
கலக்கும் முனையை மட்டும் வளைக்கிறேன்.
புதிதாய் நாற்பது,
திரும்பி வருவது நூற்று முப்பத்திரண்டு,
உலைக்குள் போவதோ இருநூறு.
இங்கேதான்.

உலை ஒன்றும் பெரிய சூரன் இல்லை.
ஒரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட மாற்றாது.
மிச்சத்தைக் குளிரவைத்து, பிரித்து, அழுத்தி
வா, இன்னொரு தரம் என்கிறோம்.
அரியர் எழுதி எழுதியே
நாற்பதில் முப்பத்தெட்டு தேறிவிடுகிறது.

தேறாத ஒன்று உண்டு: ஆர்கான்.
காற்றோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தது.
நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்;
இது யாரையும் தொடாது. சுற்றும்.
கெடுதல் செய்யாது, இடத்தை அடைக்கும்.
அதற்காகத்தான் பர்ஜ்:
நல்லதையும் கொஞ்சம் சேர்த்தே விட்டுவிடுவது.

வேலைக்குச் சேர்ந்த வருடம்
அந்த இரண்டு டன்னுக்கு மனம் வராமல்
வால்வை இறுக்கி வைத்தேன்.
நாலாம் நாள் உற்பத்தி படுத்துவிட்டது.
கஞ்சத்தனத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு;
என் கையெழுத்தோடு பைலில் இருக்கிறது.

கமாலுதீன் டார்ச்சோடு போகிறார்.
மீட்டர் தகடு குழாயின் வயிற்றுக்குள்.
அதன் காது மட்டும் பிளாஞ்சுக்கு வெளியே நீட்டியிருக்கும்.
காதில் குத்திய எழுத்து
வாயு வரும் திசையைப் பார்க்க வேண்டும்.

வாக்கி டாக்கி கரகரக்கிறது:
"மேடம், எழுத்து போற பக்கம் பாக்குது.
ஷட்டவுன்ல எவனோ திருப்பி மாட்டிட்டான்."

எவன் மாட்டினானோ.
மே மாதம், அக்னி நட்சத்திரம்,
ஹெல்மெட்டிலிருந்து வேர்வை தாளில் சொட்ட
'சரிபார்க்கப்பட்டது' என்று போட்டது நான்.
காதைப் பார்த்தேனா?
பார்த்ததாகத்தான் ஞாபகம்.

ஓடுகிற குழாயைத் திறக்க முடியாது.
அடுத்த நிறுத்தம் வரை
மீட்டர் காட்டுவதை
ஒன்று புள்ளி இரண்டு ஒன்றால் பெருக்கிக்கொள்ளவும்
என்று லாக் புக்கில் எழுதுகிறேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
கொஞ்சம் தயங்கி, என் பெயர்.
தேவசித்தம் எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு டீ ஊற்றினார்.

ஆறரை மணி. எக்ஸ்பிரஸ் ரோட்டில்
கண்டெய்னர் லாரிகள் வாலோடு வாலாக.
மூன்று மணிக்குப் புகைபோக்கி வழியே போன ஆர்கான்
இந்நேரம் எண்ணூர்க் காற்றில் கலந்திருக்கும்.

கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம்
வாய் நிறையக் கொட்டாவி விட்டேன்.
அதில் கொஞ்சம் உள்ளே போயிருக்கும்,
எதையும் தொடாமல்
வெளியே வந்திருக்கும்.