தரவு போதுமா

ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை
இந்த லாட்ஜ் மேசை என்னுடையது.
சாவிப் பலகை, பதிவேடு, கொசுவர்த்தி,
அப்புறம் ஒரு பழைய கேள்விப் புத்தகம்.
எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு,
இரண்டாயிரத்து நானூறு கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் நாலு வாசல்,
அதில் மூன்று பொய்.

நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கினேன்.
முதல் பக்கத்தில் ஊதா மையில்
ஆ. ஜெசிந்தா, ஓட்டேரி.
அவள் போட்டிருந்த பென்சில் டிக்கெல்லாம்
ரெண்டு ரப்பர் தேய அழித்தேன்.
கறுப்புப் போயிற்று, தடம் போகவில்லை.
டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால்
அவள் எதை நம்பினாள் என்பது பள்ளமாய்த் தெரியும்.
சதவீதத்தில் கெட்டிக்காரி.
ஆங்கிலத்தில் என்னைப் போலத்தான்:
சி போட்டு, பி போட்டு, மறுபடி சி.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள்.
அதற்குமேல் நிகழ்தகவு.
தாள் வழவழவென்று இருக்கிறது.

ஹவுராவிலிருந்து ஒரு ரயில் புறப்படுகிறது,
எதிரே இன்னொன்று.
புத்தகத்து ரயில் எதுவும் லேட்டாவதில்லை.
காட்பாடியில் வந்து நிற்கிற ரயில்
நாலு மணிநேரம் பிந்தி
அரிசிப் பையும் எக்ஸ்ரே உறையுமாய்
என் மேசைமுன்னால் இறங்கும்.
"பாய், ரூம் ஆச்சே?"
எதிரே பால் ஆற்றும் முனீர் பாய்
தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பார்.
ஆச்சே என்றால் அவர்களுக்கு, இருக்கிறதா.
நமக்கு, முடிந்துபோனது.

ஒன்றரை மணிக்கு முந்நூற்றேழு இறங்கி வந்தார்.
ஷெஃபாலி மண்டல், மால்டா.
வெந்நீருக்கு இல்லை.
கையில் மருந்துச்சீட்டின் பின்பக்கம், ஒரு பேனா.
பாதி இந்தி, பாதி விரல்,
நடுவே வேலூரில் கற்ற தமிழ்: எவ்ளோ நாள்?

பதினோராயிரத்து நானூறு இருக்கிறது.
ஸ்கேனுக்கு ஐயாயிரத்து இருநூறு,
திரும்பிப்போக ரெண்டு டிக்கெட் ஆயிரத்தெழுநூறு.
மிச்சம் நாலாயிரத்து ஐந்நூறு.
அறை நானூற்றைம்பது, சாப்பாடு நூற்றறுபது.
நாற்பது விநாடியில் போட்டேன்.
ஏழு நாள், மீதி இருநூற்று முப்பது.
ஏழு விரல் காட்டினேன்.

ரிசல்ட் வியாழன், என்றார்.
அப்புறம்?
அப்புறம் ஆபரேஷனா மருந்தா, அவருக்கும் தெரியாது.
தரவு போதுமா வகைக் கேள்வி இது.
கூற்று ஒன்று மட்டும் போதும்.
கூற்று இரண்டு மட்டும் போதும்.
இரண்டும் சேர்ந்தால் போதும்.
சேர்ந்தாலும் போதாது.
பரீட்சையில் சரிக்கு மூன்று, தப்புக்கு ஒன்று போகும்,
தெரியாததை விட்டால் பூஜ்யம்.
விடத் தெரிந்தவன்தான் பாஸாவான் என்பார்கள்.
அவர் விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

புத்தகத்தைப் பார்த்து, டாக்டரி? என்றார்.
ஆஸ்பத்திரி ஊரில் யார் படித்தாலும் அதுதான்.
இல்லை, கம்பெனி, என்றேன்.
வெறுமனே குனிந்து
என் நிகழ்தகவுக் கேள்வியில்
டி மேல் விரல் வைத்தார். எய்டா.
சிரித்தார். மாடி ஏறினார்.
முதுகில் ஈரம்,
பாறை வெக்கையை ராத்திரியில்தான் கக்கும் இந்த ஊர்.

கடைசிப் பக்கம் திருப்பினேன்.
பி. தப்பு.

அறை நானூறு என்றால்
ஐந்நூற்றறுபதால் வகுக்கணும்.
எட்டு நாள், மீதி இருபது.
முப்பதுக்குமேல் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை.
ஏகாம்பரம் முதலாளி ஏழு மணிக்கு வருவார்,
தணிகை, என்னப்பா இது, என்பார்.
இது எந்தப் பாடத்தில் வரும்,
நாலு ஆப்ஷன் யார் தருவார்கள்.

பதிவேட்டில் முந்நூற்றேழுக்கு எதிரே
நானூறு என்று எழுதினேன்.
பேனா இருந்தது.
பென்சிலில் எழுதினேன்,
கொஞ்சம் அழுத்தி.