முப்பத்தொன்றாம் நம்பர்

இந்த ஊரில் சமமாய் இருப்பது
ஏரியைச் சுற்றிப் போகும் ரோடு ஒன்றுதான்.
அதற்கு மணிக்கணக்கில் வாடகை.
மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.
அங்கே குடியிருக்கிறோம் நாங்கள்.

முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட்,
இரண்டு ஜோடி பெடல்,
மட்கார்டில் மஞ்சள் பெயிண்டில் 31.
புதுசாய்க் கல்யாணமானவர்களைச் சுமந்து சுமந்து
முன்கம்பி வளைந்த பிறகு
காசிம் பாய் எனக்கு விற்றார்,
ஆயிரத்து நானூறு, மூன்று தவணை.
நம்பரை அழிக்கணும் என்று நினைத்தேன்.
பெயிண்ட் விலை கேட்டதும் விட்டுவிட்டேன்.

பின்சீட்டில் இப்போது படுக்கை விரிப்புகள்.
மூன்று லாட்ஜில் எடுத்து
மூஞ்சிக்கல் லாண்டரியில் போடணும்.
யாரோ தூங்கிய, யாரோ தூங்காத,
காப்பி கொட்டிய, மருதாணி ஒட்டிய
இருபத்தாறு கிலோ.
நான் மிதிக்க மிதிக்க
பின்பெடலும் சும்மா சுற்றிக்கொண்டே வரும்,
மூட்டைக்குக் கால் முளைக்கும் என்று காத்திருப்பதுபோல.

காலையில் ஆனந்தகிரியிலிருந்து இறங்கும்போது தேய்வது
பிரேக் கட்டை.
சாயங்காலம் தேய்வது செருப்பு.
சைக்கிள் இருந்தும் ஏன் நடக்கிறாய் என்று
கீழே வத்தலக்குண்டில் இருக்கும் என் தங்கச்சி கேட்பாள்.
அவளுக்கு மலை தெரியாது.

மதுரையிலிருந்து சைக்கிளிலேயே ஏறி வருகிறவர்களும் உண்டு.
பின்னாலேயே ஒரு கார் வரும், வாழைப்பழத்தோடு.
போன வருஷம் ஏரிக்கரையில் மேடை போட்டு
அவர்கள் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள்.
மூட்டையோடு ஓரமாய் நின்று கைதட்டினேன்.
நிஜமாகவே தட்டினேன்.
அந்த ஏற்றம் என்னவென்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் ஒரு போலீஸ்காரர் நம்பரைப் பார்த்துவிட்டு,
"எந்தக் கடையில கிளப்பிட்டு வந்த?"
இடுப்பில் பாலிதீன் பையில்
காசிம் பாய் கையெழுத்துப் போட்ட சீட்டு.
குளிக்கும்போது மட்டும்தான் எடுத்து வைப்பேன்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை.
"அக்கா, ஒரு மணி நேரம் எவ்ளோ?"
தாலிக்கயிற்றில் மஞ்சள் மங்காத பெண்.
பக்கத்தில் கிளிப்பச்சை ஸ்வெட்டரில் அவன்.
வாடகை வண்டி இல்லைங்க என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
"இருநூறு" என்றது வாய்.

மூட்டையை இறக்கி வேலியோரம் வைத்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.
பதினோரு வருஷமாய்த் தாண்டிப் போகிற ஏரி.
உட்கார்ந்து பார்த்ததில்லை.
வாத்து இத்தனை சத்தம் போடுமா?
தண்ணீர், கறுப்புக் கம்பளியை முதல் தடவை அலசிய நிறம்.
ஒரு குழந்தை வந்து நின்று
சோளம் தின்று முடித்து
வெறும் கட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனது.
வாங்கிக்கொண்டேன்.

மேகம் இறங்கி எதிர்க்கரை காணாமல் போயிற்று.
ஒரு மணி, ஒன்றே கால், ஒன்றரை.
போய்விட்டார்கள், வண்டி போய்விட்டது,
சீட்டு மட்டும் இடுப்பில் இருக்கிறது என்று
எழுந்து நின்றபோது
வெள்ளைக்குள்ளிருந்து மணிச்சத்தம்.
அவள் மிதிக்கவே இல்லையாம்,
காலைத் தூக்கிக்கொண்டாளாம்.
அவன் புகார் சொல்ல, அவள் சிரிக்க,
நானும் சிரித்துத் தொலைத்தேன்.
ஐம்பது கூடவே கொடுத்தான்.

லாண்டரியில் ஜெபராஜ் சார் கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
"அமலோற்பவம், அரை நாள்."
அரை நாள் என்றால் இருநூற்று எழுபது.
ஆக, ஏரி பார்த்த வகையில்
என் கைக்காசு இருபது ரூபாய்.
படகுக்காரன் இதைவிட அதிகம் கேட்பான்.

அன்றைக்கு அதற்குப்பின் முழுக்கத் தள்ளல்தான்.
கவனிக்கவில்லை.
மறுநாள் விடியலில் ஆனந்தகிரி மேட்டில்
ஏறி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது:
அவன் உயரத்துக்குச் சீட்டைத் தூக்கியிருக்கிறான்,
நாலு விரற்கடை.
எந்தக் கடையில் ஸ்பேனர் கேட்டு வாங்கினானோ.
என்னிடம் ஸ்பேனர் இல்லை.
கீழே ரோடு பனியில் ஈரமாய்க் கிடக்கிறது.
பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி
இடது காலை ஊன்றிப் பார்க்கிறேன்.
பெருவிரல் மட்டும் எட்டுகிறது.