ஒன்பது விநாடி

ஔலு. வட பின்லாந்து. மைனஸ் இருபத்திரண்டு.
கணக்கெழுதுகிறவன் நான்.
நிரல் தெரியாது, விலை தெரியும்.

வீடு வீடாகப் போய் மருந்து கொடுக்கும்
முந்நூறு செவிலியர் கையில்
எங்கள் செயலி.
ஒரு நோயாளியின் பக்கம் திறக்க
ஒன்பது விநாடி.

இன்னொரு சர்வர் வாங்கிப் போடு, என்றார் வெய்க்கோ.
மாதம் நூற்றெண்பது யூரோ.
தூலிக்கி உட்கார்ந்து நிரலைப் பிரித்துப் பார்ப்பதானால்
இரண்டு வாரம், ஐயாயிரத்து இருநூறு.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
கூட்டிப் பார்த்தேன். வெய்க்கோ சொன்னதுதான் சரி.
வாங்கினோம். எட்டு விநாடி.
இன்னொன்றும் வாங்கினோம்.
எட்டேதான்.

டிசம்பரில் ஒரு காலை
என் குடியிருப்பின் வாசலில் ஒரு செவிலி.
கையுறை பல்லில்,
வெறும் விரல் திரையில்.
வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
அவள் திட்டவில்லை.
ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்,
அவ்வளவுதான்.

அலுவலகம் வந்து பெருக்கினேன்.
முந்நூறு பேர், நாளுக்கு நாற்பது தடவை, எட்டு விநாடி:
இருபத்தாறு மணி நாற்பது நிமிடம்.
ஒரே நாளில், ஒரு நாளுக்குள் அடங்காத காத்திருப்பு.

அது நம் காசு இல்லையே, என்றார் வெய்க்கோ.
இல்லைதான்.
ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு, தூலிக்கியின் பக்கம் திரும்பாமலே,
நான்கு விரல் காட்டினார்: நான்கு நாள்.

மூன்றாம் நாள் அவள் சிரிப்பது கேட்டது.
நல்ல சிரிப்பில்லை.
ஒருவரைத் திறப்பதற்கு
ஊரிலுள்ள நோயாளிகள் அத்தனை பேரையும்
ஒவ்வொருவராகத் தட்டியெழுப்பி
பெயர் கேட்டுக்கொண்டிருந்ததாம் நிரல்.
எழுதியது யார் என்று தேடினாள். அவளேதான்,
ஆறு வருடம் முன்பு,
மகனுக்குக் காய்ச்சல் கண்ட வாரம்.

இப்போது அரை விநாடிகூட இல்லை.
சர்வர் இரண்டும் வேலையின்றி உறுமுகின்றன.
ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு.
மாதாமாதம் முந்நூற்றறுபது கட்டுகிறேன்.

அப்புறம்தான் புகார்கள் வந்தன.
பக்கம் கேட்டவுடன் வந்துவிடுகிறதே,
பழைய தகவலாக இருக்குமோ?
சிலர் மூடி மூடித் திறக்கிறார்கள்.

தூலிக்கி வட்டத்தைத் திரும்ப வைத்தாள்.
ஒரு விநாடி சும்மா சுற்றும்,
நம்புவதற்காக.

பெருக்கினேன். நாளுக்கு மூன்று மணி இருபது நிமிடம்.
எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல்
பேரேட்டின் ஓரத்தில்
பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.