பில் நம்பர் 4417

காலருக்கு உள்ளே லேபிள்.
தொட்டி மாதிரி ஒரு படம், அதன் மேல் பெருக்கல் குறி.
பக்கத்தில் வட்டத்துக்குள் தனியாக ஒரு எழுத்து.
"தண்ணி படக்கூடாதாம்" என்றான்
ஜெராக்ஸ் கடை பிரின்ஸ்லி.
தண்ணியே வராத எங்கள் தெருவுக்கு
ஏற்ற கோட்டுதான்.

நீல பிளேசர். மார்பில் மாநில அணி.
கேரம் போர்டு எனக்குத் தைத்துக் கொடுத்தது.
இடது கையில் ஒரு கறை.

கணேசபுரம் சப்வேயில் தேங்கின மழை
மேலே தெறிக்காமல் மடியில் சுருட்டி
ஷேர் ஆட்டோவில் வண்ணாரப்பேட்டை போனேன்.
துணி வெளுத்துப் பேர் வாங்கின ஊரில்
துணியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தது
நான் ஒருத்திதான்.

கவுண்டரில் தில்ஷாத் அக்கா.
"என்ன கறை?"
"தெரியலக்கா."
"தெரியாத கறைக்கு மருந்து கிடையாது."
"…டீ."
"பால் டீயா?"
"ஆமா."
"சர்க்கரை?"
எந்த டாக்டரும் இப்படிக் கேட்டதில்லை.
"ரெண்டு ஸ்பூன்."
"வீட்ல எதனா போட்டுத் தேய்ச்சியா?"
சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.
"ஒரு ரூபா ஷாம்பு."
அவள் 'ச்சு' கொட்டினது
ஸ்டீம் இஸ்திரியின் சீறலையும் தாண்டிக் கேட்டது.

உள்ளே மெஷினில் சுற்றுவது தண்ணி இல்லையாம்.
வேறு ஏதோ திரவமாம்,
நனைக்குமாம், நூலை ஊறவைக்காதாம்,
எண்ணெயைக் கண்டால் இழுத்துக்கொண்டு போய்விடுமாம்.
சர்க்கரையைத்தான் அதற்கு அடையாளம் தெரியாதாம்.
சொல்லாமல் விட்ட இனிப்பு
இஸ்திரிச் சூட்டில் பழுப்பாக எழுந்து வருமாம்.
முதலிலேயே சொன்னால்
கையால் தனியாக எடுத்துவிடுவாளாம்.

அப்புறம் பில் புத்தகத்தைத் திறந்து
என் கோட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தாள்.
பித்தான் ஒன்று ஆட்டம்.
அக்குளில் நிறம் மட்டு.
உள்துணி இரண்டு அங்குலம் பிரிந்திருக்கிறது.
கறைக்கு உத்தரவாதம் இல்லை.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு குறித்துக்கொண்டு போகவில்லை.

"பாக்கெட்லாம் பார்த்துட்டியா?"
"பார்த்துட்டேன்."
இருந்தும் விரலை விட்டாள்.
ரயில் டிக்கெட். மிட்டாய்க் காகிதம்.
உள்பாக்கெட்டின் அடியிலிருந்து
கண்ணாடி மேல் விழுந்து,
விளிம்பில் உருண்டு, ஒரு சுற்று சுற்றி,
படுத்தது ரெட்டு.

நாக்பூர் பைனல். கடைசி போர்டு.
கண்ணை மூடிப் போடக்கூடிய ரெட்டை
கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு விட்டேன்.
அவள் போட்டாள். பாலோவும் போட்டாள்.
கை கொடுத்து எழுந்தபோது யாரோ நீட்டின பேப்பர் கப்
என் கையில்தான் நசுங்கியது.
எல்லோரும் போட்டோவுக்கு ஓடின நேரம்
எப்படி எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.
அம்பயர் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார்.
நானும் கூடவே குனிந்து தேடினேன்.

"உன்னுதா?"
"ஆமா" என்றது வாய்.
தில்ஷாத் அக்கா அதையும் எழுதினாள்:
பாக்கெட்டில் சிவப்புக் காய் 1. திருப்பித் தரப்பட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்.
முந்நூற்று இருபது ரூபாய்.
தோளில் இல்லாத ஒரு ஆள் நிற்பது மாதிரி
பிளாஸ்டிக் கவருக்குள் கோட்டு.
டியூப்லைட்டில் சாய்த்தால்
டீ இருந்த இடத்தில் ஒரு நிழல்.
"இதுக்கு மேல தேய்ச்சா கறை போய்டும்,
துணியும் கூடவே போய்டும்.
வீட்டுக்குப் போனதும் கவரைக் கழட்டு.
காத்து படட்டும்."

ஆணியில் மாட்டினேன்.
பெட்ரோல் பங்க் மாதிரி லேசாக ஒரு வாசனை.
கவரைத் தங்கச்சி தலையில் மாட்டப் போக,
பிடுங்கிக் கிழித்தேன்.
காலரில் பின் அடித்த சீட்டை மட்டும்
எடுக்கவில்லை, 4417.

மறுநாள் பிரின்ஸ்லி கடையில்
நாக்பூர் சங்கத்துக்கு ஒரு கூரியர்.
"உள்ள என்ன?"
"ரெட்டு."
முதல் கேள்விக்கே சொல்லிவிட்டேன்.
அனுப்புநர் என்ற இடத்தை மட்டும்
காலியாக விட்டேன்.